கோவை தந்த முதல் நிதியமைச்சர்: ஆர்.கே. சண்முகம் செட்டியார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் "சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தவர் யார்?" என்பதற்கு டக்கென்று பதில் வரும். அடுத்த கேள்விக்குத்தான் தயக்கம். அந்த ஒரு வரி விடைக்கு முன்னும் பின்னும் சுமார் முப்பத்தைந்து ஆண்டு பொதுவாழ்க்கை இருக்கிறது. மாணவர்களும் நண்பர்களும் அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், யார் இவர்?

1892 அக்டோபர் 17 அன்று கோயமுத்தூரில் பிறந்தவர். வழக்கறிஞர், ஆலை முதலாளி, பொருளாதாரம் அறிந்தவர், சட்டமன்றவாதி. டெல்லி மத்திய சட்டசபையின் தலைவர், அதாவது சபாநாயகர் (1933–34), கொச்சி சமஸ்தானத்தின் திவான் (1935–41), 1944ல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியப் பிரதிநிதி, 1947 ஆகஸ்ட் 15 முதல் ஒரு வருடம் இந்தியாவின் நிதியமைச்சர். 1953 மே 5 அன்று மறைந்தார். வெள்ளையர் அரசு 'சர்' பட்டம் கொடுத்திருந்ததால் பழைய ஆட்கள் 'சர் ஆர்.கே.எஸ்.' என்றே சொல்வார்கள்.

அவர் வளர்ந்த கோயமுத்தூர் எப்படிப்பட்டது?

அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஸ்டேன்ஸ் துரை இங்கே முதல் நூல் மில்லைத் தொடங்கியிருந்தார். சுற்றுவட்டாரக் காடுகளில் பருத்தி. அதை அரைக்க ஜின்னிங் பேக்டரிகள், வாங்கி விற்க மண்டிகள், நூலை எடுத்து நெய்யக் கைத்தறிக்காரர்கள் என்று பருத்தியைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்த பிறகு மில்கள் மளமளவென்று பெருகின. சண்முகம் செட்டியார் குடும்பமும் வசதியான வணிகக் குடும்பம். ஆலைத்தொழிலில் அவர்களுக்கும் பங்கு இருந்தது.

இதை ஒரு காரணத்துக்காகத்தான் சொல்கிறேன். பஞ்சு விலை பம்பாயில் ஏறினால் இங்கே மில்லில் என்ன ஆகும், இங்கிலாந்தின் லங்காஷயர் மில் துணிக்கு வரி குறைந்தால் இங்கே யார் பாதிக்கப்படுவார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டில் அன்றாடப் பேச்சாகத்தான் இருந்திருக்கும். வெளிநாட்டு வணிகத்தைப் பாடப்புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே வாழ்க்கையில் பார்த்தவர்.

அவர் உண்மையிலேயே பொருளாதார நிபுணர்தானா? பட்டம் சட்டத்தில் அல்லவா?

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், பிறகு சென்னை சட்டக் கல்லூரி. பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவரோ ஆராய்ச்சி எழுதியவரோ அல்ல. அவருக்கு அடுத்து நிதியமைச்சராக வந்த ஜான் மத்தாயைப் போல ஆசிரியப் பின்னணி அவருக்கு இல்லை. அந்த அளவுகோலை வைத்தால் கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் அந்தக் காலத்தில் நாணயமாற்று விகிதம், சுங்கவரி, ரிசர்வ் வங்கி மசோதா என்று நாட்டின் பெரிய பொருளாதாரச் சண்டைகள் எல்லாம் டெல்லி சட்டசபையில்தான் நடந்தன. அங்கே பத்தாண்டு உட்கார்ந்து ஒவ்வொரு மசோதாவையும் வரிவரியாகப் படித்து வாதிட்டவருக்கு அதுவே பெரிய பள்ளிக்கூடம். அவரைப் பொருளாதார நிபுணர் என்று அழைத்ததில் நான் எந்த மிகையையும் பார்க்கவில்லை.

எந்தக் கட்சிக்காரர்?

நேரான பதில் சொல்ல முடியாத கேள்வி. கோவை நகராட்சியில் தொடங்கி, 1920ல் சென்னை சட்டமன்றத்துக்குப் போனார். பிறகு சுயராஜ்யக் கட்சி சார்பில் டெல்லி சட்டசபை. அங்கே அந்தக் கட்சியின் கொறடாவாகவும் இருந்தார். நீதிக்கட்சியோடும் நெருக்கம், ஈரோட்டு ஈ.வெ.ரா.வோடும் நட்பு. 1947ல் காங்கிரஸ் பிரதமரின் அமைச்சரவையில் இருந்தபோது அவர் காங்கிரஸ்காரர் அல்ல.

இதைக் கட்சி மாறித்தனம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு வேலை முக்கியம். கட்சி அந்த வேலையைச் செய்ய ஓர் இடம், அவ்வளவுதான். அந்தக் குணத்துக்கு அவர் விலையும் கொடுத்தார், அதைப் பின்னால் சொல்கிறேன்.

1932 ஒட்டாவா மாநாட்டில் என்ன நடந்தது? அதற்காக ஏன் அவரைத் திட்டினார்கள்?

உலகப் பொருளாதார மந்தம் கொடுமையாக இருந்த காலம். 1932 தொடக்கத்தில் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்து இறக்குமதிப் பொருட்கள் பெரும்பாலானவற்றுக்கு 10 சதவீத வரி போட்டது. இந்தியா உள்ளிட்ட பேரரசு நாடுகளுக்கு நவம்பர் நடுப்பகுதி வரை மட்டும் விலக்கு. அதற்குள் ஒப்பந்தம் செய்துகொண்டால் விலக்கு தொடரும், இல்லையென்றால் நம் தேயிலைக்கும் சணலுக்கும் நிலக்கடலைக்கும் லண்டன் சந்தையில் வரி விழும். இந்த நெருக்கடியில்தான் கனடாவின் ஒட்டாவாவில் மாநாடு கூடியது. சர் அதுல் சாட்டர்ஜி தலைமையில் போன இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியாரும் ஒருவர்.

உங்கள் சந்தையில் எங்களுக்குச் சலுகை, எங்கள் சந்தையில் உங்களுக்குச் சலுகை என்பதுதான் அங்கே ஏற்பட்ட உடன்பாடு. இந்தியாவுக்கு வரும் பல பிரிட்டிஷ் பொருட்களுக்கு, மற்ற நாட்டுப் பொருட்களைவிடப் பொதுவாக 10 சதவீதம் வரிச்சலுகை கிடைத்தது. தேசியவாதிகள் கொதித்தார்கள். காங்கிரஸ் தலைவர்கள் சிறையில் இருக்கும்போது, ஆள்கிறவனோடு உட்கார்ந்து வணிகப் பேரம் பேசுவதா என்பது அவர்கள் கோபம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் வரி விழுந்திருந்தால் முதல் அடி வாங்கியிருப்பவர்கள் நிலக்கடலை போட்ட விவசாயிகளும் தோட்டத் தொழிலாளர்களும்தான் என்பதும் உண்மை. ஒப்பந்தம் டெல்லி சட்டசபையில் நிறைவேறியது.

1934 தேர்தலில் அவர் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். சட்டசபைத் தலைவராக இருந்தவர் தோற்றது அன்று பெரிய செய்தி. ஒட்டாவா அந்தப் பிரசாரத்தில் அவருக்கு எதிராக நன்றாகப் பயன்பட்டது.

கொச்சியில் திவானாக என்ன செய்தார்?

தோற்ற கையோடு கொச்சி மகாராஜாவின் திவான் பதவி வந்தது. ஆறு வருடம். இந்தப் பகுதியைத் தமிழில் எழுதுபவர்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அது வருத்தம். ஒரு நிர்வாகியாக அவரை எடைபோட இதைவிட நல்ல இடம் கிடையாது.

ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் காயலைத் தூர்வாரி, வில்லிங்டன் தீவை எழுப்பி, கொச்சித் துறைமுகத்தை ஆழ்கடல் துறைமுகமாக மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. 1936ல் அது பெரிய துறைமுகம் என்ற தகுதியைப் பெற்றது. நம் வால்பாறைத் தேயிலையும் கோவை நூலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இறங்கிக் கப்பல் ஏறுவது அங்கேதான். 1938ல், சமஸ்தானத்து மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபைக்குப் பொறுப்பான ஓர் அமைச்சருக்குச் சில துறைகளைக் கொடுக்கும் இரட்டையாட்சி முறை கொச்சியில் வந்தது. இந்தியச் சமஸ்தானங்களில் இதில் முந்திக்கொண்டது கொச்சிதான். திவான் என்றால் ராஜாவுக்குக் குடைபிடிப்பவர் என்று நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், தன் அதிகாரத்தில் ஒரு பகுதியை எடுத்து மக்கள் பிரதிநிதியிடம் கொடுக்கும் முறை அவர் காலத்தில் நடைமுறைக்கு வந்தது.

எர்ணாகுளம் போகிறவர்கள் காயலோரம் சண்முகம் ரோட்டில் நடந்திருப்பீர்கள். அந்தச் சண்முகம் இவர்தான்.

பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியா என்ன கேட்டது? அவருடைய பங்கு என்ன?

1944 ஜூலையில், போர் முடிவதற்கு முன்பே, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 44 நாடுகள் கூடின. பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் பிறந்த கூட்டம் அது. இந்தியா இன்னும் அடிமை நாடு. குழுத் தலைவர் வெள்ளையர், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அன்று நிதித்துறையைக் கவனித்த உறுப்பினர் ஜெரமி ரெய்ஸ்மன். ஆனால் குழுவில் ரிசர்வ் வங்கி ஆளுநர் சி.டி. தேஷ்முக், பம்பாய்த் தொழில்துறையைச் சேர்ந்த ஏ.டி. ஷ்ராஃப், சண்முகம் செட்டியார் ஆகிய மூவர் இருந்தார்கள். இவர்கள் பிரிட்டனுக்குத் தலையாட்ட அங்கே போகவில்லை.

மூன்று விஷயங்களைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்று, நிதியத்தின் நோக்கங்களில் பின்தங்கிய நாடுகளின் வளங்களை முழுமையாகப் பயன்படுத்த உதவுவது என்பதையும் சேர்க்க வேண்டும். இது ஏற்கப்படவில்லை. ஆனாலும் வளர்ச்சி என்ற பேச்சை அந்த மேசையில் வைத்தவர்களில் இந்தியர் முக்கியமானவர்கள். இரண்டு, இந்தியாவின் பங்கு. மக்கள்தொகைக்கும் வணிகத்துக்கும் தகுந்த இடம் வேண்டும், நிர்வாகக் குழுவில் நாற்காலி வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். 40 கோடி டாலர் ஒதுக்கீடு கிடைத்தது. அமெரிக்கா, பிரிட்டன், சோவியத், சீனா, பிரான்ஸ் ஆகியவற்றுக்கு அடுத்த ஆறாவது இடம். பின்னர் சோவியத் சேராமல் போனதால் இந்தியா ஐந்தாவதாகி, நிரந்தர இடம் பெற்றது.

மூன்றாவதுதான் எரியும் பிரச்சினை: ஸ்டெர்லிங் இருப்பு. போரின்போது பிரிட்டன் இந்தியாவிடம் இருந்து துணி, தானியம், தோல், ராணுவத் தேவைகள் எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தது. கையில் காசு கொடுக்கவில்லை. மண்டியில் மூட்டை மூட்டையாகச் சரக்கை ஏற்றிக்கொண்டு "கணக்கில் எழுதி வையப்பா" என்று சொல்லிவிட்டுப் போகும் பெரிய மனிதரைப் போல, லண்டனில் இந்தியா பெயரில் பவுன் கணக்கில் வரவு எழுதி வைத்தது. இங்கே அந்தக் கணக்கைக் காட்டி ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு அடித்தது. பொருள் வெளியே போய்விட்டது, நோட்டு உள்ளே பெருகிவிட்டது, விலைவாசி எகிறியது. போர் முடிவில் அந்த வரவு சுமார் 130 கோடி பவுன். பஞ்சத்திலும் ரேஷனிலும் வயிறு காய்ந்த மக்களின் சேமிப்பு அது.

அதில் ஒரு பகுதியையாவது டாலராக மாற்றிக்கொள்ள நிதியம் உதவ வேண்டும் என்று இந்தியக் குழு கேட்டது. பிரிட்டனும் அமெரிக்காவும் ஒத்துக்கொள்ளவில்லை. இது இரு நாடுகள் தங்களுக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு என்றார்கள். பிரிட்டன் சார்பில் வந்திருந்த பொருளாதார அறிஞர் கெயின்ஸ், அந்தக் கடன் நாணயமாகத் தீர்க்கப்படும் என்று அவையில் உறுதி சொன்னார். நான்கு வருடம் கழித்து அந்தக் கணக்கைத் தீர்க்க லண்டன் போனவர் யார் என்றால், அதே சண்முகம் செட்டியார்தான்.

காங்கிரஸ்காரர் இல்லாதவரை நேரு ஏன் அமைச்சராக்கினார்?

முதல் அமைச்சரவையே அப்படித்தான் அமைந்தது. அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி, பல்தேவ் சிங் என்று காங்கிரஸுக்கு வெளியே இருந்து பலர் வந்தார்கள். நிதித்துறைக்குத் தேவைப்பட்டது பன்னாட்டுப் பண விவகாரம் தெரிந்த, தொழில்துறை நம்புகிற, ஆங்கிலேயரோடு மேசையில் சமமாக உட்காரக்கூடிய ஆள். அன்று அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ஒட்டாவாவை மறக்காத காங்கிரஸ்காரர்களுக்கு இந்தத் தேர்வு கசந்தது.

முதல் பட்ஜெட்டில் அப்படி என்ன இருந்தது?

1947 நவம்பர் 26 அன்று தாக்கல் செய்தார். ஆகஸ்ட் 15 முதல் அடுத்த மார்ச் 31 வரையிலான ஏழரை மாதத்துக்கான கணக்கு மட்டும். வருவாய் 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி, பற்றாக்குறை 26.24 கோடி. பாதுகாப்புக்கு 92.74 கோடி.

இந்த எண்களை மனப்பாடம் செய்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், உள்ளே பாருங்கள். மொத்தச் செலவில் கிட்டத்தட்ட 47 சதவீதம் ராணுவத்துக்கு. ஏன்? ராணுவத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டே காஷ்மீரில் சண்டையும் போட்டுக்கொண்டிருந்த மாதம் அது. அகதிகளை மீட்டு வந்து பராமரிக்க 22 கோடி. தானியத்தை வெளிநாட்டில் அதிக விலைக்கு வாங்கி உள்ளூரில் குறைத்து விற்பதற்கும் ஏறக்குறைய அதே அளவு. பஞ்சாபிலும் வங்கத்திலும் வரி வசூலிக்கும் அலுவலகங்களே பிளந்து கிடந்தன. எந்தச் சொத்து யாருக்கு, எந்தக் கடன் யாருக்கு என்பதே முடிவாகாத நிலையில் ஒரு தேசத்தின் வரவு செலவை எழுத வேண்டும். அணை கட்டுகிறேன், தொழிற்சாலை கட்டுகிறேன் என்று கனவு காட்டும் பட்ஜெட்டாக அது இருந்திருக்க முடியாது.

புது வரி என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் குறிப்பிடத்தக்கது: பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரி. கோயமுத்தூர் மில் குடும்பத்தில் இருந்து வந்த அமைச்சர் முதலில் கை வைத்தது நூலில்! உள்ளூரில் துணிப்பஞ்சம் இருக்கும்போது வெளியே அனுப்பிக் கொள்ளை லாபம் பார்க்கிறார்கள், அதில் ஒரு பங்கு அரசுக்கு வரட்டும் என்ற கணக்கு சரியானது. அவரை முதலாளிகளின் ஆள் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முழு ஆண்டுக்கான அடுத்த பட்ஜெட்டை 1948 பிப்ரவரி 28 அன்று கொடுத்தார். அவர் கொடுத்தவை இந்த இரண்டு மட்டுமே.

பாகிஸ்தானுக்குக் கொடுத்த 55 கோடி விவகாரத்தில் அவர் எங்கே இருந்தார்?

பிரிவினைக் கணக்கில் ரொக்க இருப்பில் இருந்து பாகிஸ்தானுக்கு 75 கோடி என்று முடிவானது. 20 கோடி முன்பே போய்விட்டது, மீதி 55 கோடி. காஷ்மீரில் சண்டை நடக்கும்போது இந்தப் பணத்தைக் கொடுத்தால் அது நம்மையே சுடும் குண்டாகத் திரும்பும் என்று மத்திய அமைச்சரவை நிறுத்தி வைத்தது. நிதியமைச்சர் என்ற முறையில் அந்த நிலைப்பாட்டைப் பொதுவில் விளக்கியவர்களில் இவரும் ஒருவர். 1948 ஜனவரி 13ல் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார், இரண்டு நாளில் அரசு பணத்தை விடுவித்தது.

1948 லண்டன் ஒப்பந்தம் நமக்கு லாபமா நஷ்டமா?

ஸ்டெர்லிங் கணக்கைத் தீர்க்க அந்த ஜூலையில் பேச்சுவார்த்தை முடிந்தது. பிரிட்டன் இங்கே விட்டுச் சென்ற ராணுவத் தளவாடங்களுக்காக 10 கோடி பவுன் நம் கணக்கில் கழிந்தது. ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரிகளின் பென்ஷனுக்கு ஒரு பெரிய தொகை மொத்தமாக ஒதுக்கப்பட்டது. மீதியில் ஆண்டுக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு.

பென்ஷனுக்கு அவ்வளவு கொடுத்ததை அன்றும் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். என் கருத்து வேறு. போரில் நொடிந்துபோன பிரிட்டனில், நம் ராணுவம் காப்பாற்றியதற்கு இந்தியாதான் நமக்குக் காசு தர வேண்டும், கடனையே வெட்டு என்று பலமான குரல்கள் இருந்தன. கடனில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யாமல் கணக்கைக் காப்பாற்றிக் கொண்டுவந்ததே பெரிய வெற்றி. ஐம்பதுகளில் திட்டங்களுக்கான இயந்திரங்களை இறக்குமதி செய்ய இந்தப் பணம்தான் கைகொடுத்தது.

மில் முதலாளி என்பதால் பணக்காரர்களுக்குச் சாதகமாக நடந்தாரா?

1947 பிப்ரவரியில், இடைக்கால அரசில் நிதிப் பொறுப்பில் இருந்த லியாகத் அலி கான் வணிக லாபத்தின் மேல் கடுமையான வரி கொண்டுவந்திருந்தார். 1948 பட்ஜெட்டில் சண்முகம் செட்டியார் அதைத் தளர்த்தினார். முதலீடு முடங்கிக் கிடக்கிறது, தொழில் நகர வேண்டும் என்பது அவர் வாதம். இதை விமர்சிக்கலாம். நானும் முழுக்க ஏற்கவில்லை, ஏனென்றால் அதே ஆண்டு ஜனவரியில் துணியின் விலைக்கும் விநியோகத்துக்கும் இருந்த அரசுக் கட்டுப்பாடு விலக்கப்பட்டபோது விலை தாறுமாறாக ஏறி, லாபம் யார் பைக்குப் போனது என்பது ஊரறிந்த கதை. ஜூலை இறுதியில் அரசு மறுபடி கட்டுப்பாட்டைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதே காலத்தில்தான் தனியார் பங்குதாரர்களின் வங்கியாக இருந்த ரிசர்வ் வங்கியை அரசுடைமை ஆக்கும் பணி நடந்தது, 1949 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொழில்களுக்கு நீண்டகாலக் கடன் தரும் இந்தியத் தொழில் நிதிக் கழகமும் 1948 ஜூலையில் தொடங்கியது. அவர் நம்பியது தொழில்வளர்ச்சியை. அதற்கு அரசு தேவைப்பட்ட இடத்தில் அரசு, முதலாளி தேவைப்பட்ட இடத்தில் முதலாளி.

அப்புறம் ஏன் ஒரே வருடத்தில் பதவி விலகினார்?

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தப்பாகச் சொல்லப்படுவதும் இந்தக் கேள்விதான்.

போர்க்காலத்தில் கள்ளச்சந்தையில் சம்பாதித்துவிட்டு வருமான வரி ஏய்த்தவர்களைப் பிடிக்க 1947ல் ஒரு சட்டம் வந்தது. நீதிபதி வரதாச்சாரியார் தலைமையில் விசாரணை ஆணையம். யார் யாரை விசாரிக்க வேண்டும் என்று அரசு பட்டியல் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பிய பட்டியலில் இருந்து சில பெயர்கள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. விஷயம் அவையில் வெடித்தது. அமைச்சரே ஆலைத்தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் சந்தேகம் எழுந்தது இயல்பு.

அதிகாரிகளின் பரிந்துரைப்படி நடந்தது, நான் நல்லெண்ணத்தோடுதான் செயல்பட்டேன் என்பது அவர் நிலை. ஆனாலும் அதிகாரிகளை முன்னால் தள்ளிவிட்டுத் தான் ஒளிந்துகொள்ளவில்லை. துறையில் நடந்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று 1948 ஆகஸ்டில் விலகினார்.

சிலர் இதை 'ஊழலில் சிக்கிப் பதவி இழந்தார்' என்று எழுதிவிடுகிறார்கள். அவர் லஞ்சம் வாங்கினார் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அதே சமயம், 'ஒரு தப்பும் நடக்கவில்லை, சதி' என்று நம் ஊர்ப்பாசத்தில் பூசி மெழுகுவதும் எனக்குப் பிடிக்காது. வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியல் என்பது நிதியமைச்சர் ஒவ்வொரு பெயரையும் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டிய காகிதம். அதில் கவனம் தவறியது பெரிய தவறு. அதற்குரிய விலையை அவரே கொடுத்தார்.

இங்கேதான் அவருடைய கட்சியற்ற வாழ்க்கை முன்னுக்கு வருகிறது. எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாததால்தான் பதவிக்கு அழைக்கப்பட்டார். நெருக்கடி வந்தபோது, எங்கள் ஆள் என்று எழுந்து நிற்க அவையில் ஒரு வரிசை உறுப்பினர்கூட அவருக்கு இல்லை. கட்சிக்காரராக இருந்திருந்தால் ஒரு கண்டனத்தோடு தப்பியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு தகவல்: அந்த விசாரணைச் சட்டத்தின் ஒரு பிரிவை, சமத்துவ உரிமைக்கு முரணானது என்று 1954ல் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

பதவி போன பிறகு என்ன செய்தார்?

கோவைக்குத் திரும்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பும் வகித்தார். அதைவிட முக்கியம், அவருடைய தமிழ். தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று நாற்பதுகளில் எழுந்த தமிழிசை இயக்கத்தில் முன்வரிசையில் நின்றவர். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதி 1946ல் வெளியிட்டிருக்கிறார். பிரெட்டன் உட்ஸில் இருந்து திரும்பி இரண்டு வருடம், நிதியமைச்சராவதற்கு ஒரு வருடம் முன்பு! மாதவியின் அரங்கேற்றத்தையும் ஸ்டெர்லிங் கணக்கையும் ஒரே மனம் ஒரே காலத்தில் சுமந்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது.

சி. சுப்பிரமணியமும் கொங்கு நாட்டுக்காரர்தானே? இருவரில் யார் பெரியவர்?

பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910ல் பிறந்தவர் சி.எஸ். அவரும் எழுபதுகளின் நடுவில் மத்திய நிதியமைச்சர். ஆனால் நாடு அவரை நினைப்பது உணவு அமைச்சராக, மெக்சிகோவில் இருந்து 18,000 டன் கோதுமை விதை இறக்கிப் பசுமைப் புரட்சிக்கு வழி திறந்தவராக. அவருக்குப் பின்னால் காங்கிரஸ் என்ற பெரிய இயக்கமும் காமராஜரும் இருந்தார்கள். நாட்டின் வாழ்க்கையில் அதிக மாற்றம் கொண்டுவந்தவர் சி.எஸ்.தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 1947ன் அந்தக் கலவர மாதங்களில் கஜானாவைக் கையில் எடுக்கச் சண்முகம் செட்டியாரின் அனுபவம்தான் தேவைப்பட்டது.

பொருளியல் படிக்கும் நானும் இந்த வழியில் போக முடியுமா?

அமைச்சர் பதவிக்குத் தேர்வு கிடையாது. ஆனால் நிபுணர்களுக்கு வாசல் மூடியும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாதவரும் அமைச்சராகலாம், ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகிவிட வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. 1991 ஜூனில் நிதியமைச்சரான மன்மோகன் சிங், அந்த ஆண்டு பிற்பகுதியில்தான் மாநிலங்களவைக்கு வந்தார்.

இதெல்லாம் அபூர்வம். நடைமுறையில் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு இருக்கிறது, அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். ரிசர்வ் வங்கியின் அதிகாரித் தேர்வு இருக்கிறது. எதற்குப் போனாலும் பேரேடு படிக்கப் பழகுங்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஏற்றுமதிக் கணக்கையோ, ஈரோட்டு மஞ்சள் மண்டியின் வரவு செலவையோ உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நாணயமாற்று பற்றிய பாடம் வேறு மாதிரி விளங்கும்.

அவரைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள எதில் தொடங்கலாம்?

1947 நவம்பர் பட்ஜெட் உரையிலேயே தொடங்குங்கள். மத்திய நிதியமைச்சகத்தின் இணையதளத்தில் பழைய பட்ஜெட் உரைகள் இருக்கின்றன. இன்றைய உரைகளோடு ஒப்பிட்டால் சின்னது, நடையும் தெளிவாக இருக்கும். அதில் அகதிகள் பற்றியும் உணவு பற்றியும் பேசும் பகுதிகளை முதலில் படியுங்கள். வரிப் பகுதிக்கு அப்புறம் போகலாம்.